சாம்பார் வண்டியின் மூக்கு

பின்கதவு வழியாகச் சாம்பார் ஒழுக ஒழுக ஒரு பிக்கப் வண்டி எங்கள் பட்டறைக்குள் வந்து நின்றது. நம்பர் பிளேட்டின் மேல் முருங்கைக்காய்த் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியை ஓட்டி வந்த அம்மா இறங்கிக் கதவைச் சாத்தினார். எங்கள் முதலாளியைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "அண்ணாச்சி, மூக்கத் தூக்கித் தாங்கன்னுதான கேட்டேன். சாம்பார ரோட்டுல ஊத்தித் தாங்கன்னு கேட்டேனா?"

நான் கமான் வேலை பார்த்தே ஓய்ந்தவன். லாரி, பஸ், டெம்போ என்று எத்தனையோ வண்டிகளுக்கு அடியில் படுத்திருக்கிறேன். எந்த வண்டியை நினைத்தாலும் முதுகுவலிதான் ஞாபகம் வரும். இந்த ஒரு வண்டியை நினைத்தால் மட்டும் சிரிப்பு வரும். பஸ்ஸில் இதை நினைத்துத் தனியாகச் சிரித்து, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனதும் உண்டு. தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயம் இந்தச் சாம்பாரில்தான் இருக்கிறது.

1. பச்சைக் கோடு

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெரு ஒன்றில் எங்கள் பட்டறை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு பக்கம் லேத்துப் பட்டறை, இன்னொரு பக்கம் மரவாடி, எதிரே டீக்கடை. முதலாளி பெயர் மாணிக்கம். எங்களுக்கு மாணிக்கண்ணன். நாள் முழுக்கக் கரியிலும் கிரீஸிலும் நிற்கிற தொழிலில் அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வருவார். சாயங்காலம் ஒரு பொட்டுக் கறை இல்லாமல் வீட்டுக்குப் போவார். எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். பல வருஷம் கூடவே இருந்தும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கமான் என்பது வண்டிக்கு அடியில் வில் மாதிரி வளைந்து, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகள். பாரம் தாங்குவதும் குலுக்கலை வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. ஓடி ஓடி வளைவு குறைந்தால் கமான் உட்கார்ந்துவிட்டது என்போம். கழற்றி, உலையில் காய்ச்சி, அடித்து, மறுபடி வளைவு ஏற்றுவோம். உலையில் நின்றவர் ஜெயராஜ். ஆள் மலை மாதிரி இருப்பார். அவர் சம்மட்டி போட்டால் எதிரே டீக்கடையில் கிளாஸ் ஆடும். வெல்டிங் செய்தவர் காதர். ஜெயராஜின் ஒரு கால் அளவுக்குத்தான் மொத்தக் காதரும் இருப்பார். கழற்றுவது, மாட்டுவது, அளவு பார்ப்பது எல்லாம் என் வேலை.

பிக்கப் வண்டிகள் அப்போதுதான் நிறைய ஓடத் தொடங்கியிருந்தன. காலி பிக்கப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் பின்பக்கம் தூக்கலாகவும் முன்பக்கம் தாழ்ந்தும் தெரியும். பின்னால் பாரம் ஏறினால் சரியாகிவிடும் என்பது வண்டியைச் செய்தவர்கள் கணக்கு. முன் கமான் தளர்ந்துவிட்டால் மூக்கு இன்னும் தாழும். காசு போட்டு வாங்கியவர்களுக்கு இது பொறுக்காது. சொந்த வண்டி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்க வேண்டாமா, இது என்ன பெஞ்சு மேல் ஏற்றிய பையன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது என்று எங்களிடம் வருவார்கள். முன் கமானுக்கு வளைவு ஏற்றி, ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்து, முன்பக்கத்தைப் பின்பக்கத்துக்கு நேராகக் கொண்டுவருவோம். இதற்கு எங்கள் வட்டாரத்தில் மூக்கு தூக்குவது என்று பெயர். மாணிக்கண்ணன் மூக்கு தூக்குவதில் பேர் போனவர். பூந்தமல்லி, ஆவடியிலிருந்தெல்லாம் வண்டி வரும்.

பட்டறையின் பின்சுவரில் பச்சை எனாமல் பெயின்ட்டில் ஒரு கோடு இருந்தது. மூக்கு தூக்கிய வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்துவோம். மாணிக்கண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பம்பரையும் கோட்டையும் மாறி மாறிப் பார்ப்பார். நாங்கள் மூச்சுவிட மாட்டோம். பம்பர் கோட்டில் நின்றால் எழுந்துகொள்வார். பிரஷ்ஷை எடுத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் மட்பிளாப்பில் தன் கையாலேயே மாணிக்கம் பட்டறை என்று எழுதுவார். வண்டி நம் பெயரோடு ஊர் சுற்றும், அதனால் மாப்பிள்ளை மாதிரிதான் போக வேண்டும் என்பார். காலி வண்டி நேராக நின்றால் பாரம் ஏற்றிய வண்டி தானாக நேராக நிற்கும் என்பது அவர் வேதம். ஒருவரும் எதிர்த்துக் கேட்டதில்லை. எங்களிடம் வந்ததெல்லாம் பூக்கடை வண்டி, பேக்கரி வண்டி, பஞ்சு மெத்தை வண்டி. மல்லிகைப்பூ மூட்டை ஏற்றி எந்தக் கமான் கேள்வி கேட்டிருக்கிறது?

2. கஸ்தூரி அக்கா

அந்த அம்மா பெயர் கஸ்தூரி. கொரட்டூரில் குடியிருந்தார். வீட்டுக்காரருக்கு ஆவடியில் டிபன்ஸ் ஃபேக்டரி வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அக்காவின் பேச்சு மட்டும் ரயில் ஏறவே இல்லை. தெருவில் நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமைத்து, எஸ்டேட்டில் சின்னக் கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துவந்தார். வண்டியை அவரேதான் ஓட்டுவார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிக்கப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்து வருவதை முதல்முறை பார்த்த டிராபிக் போலீஸ்காரர், கையைக் காட்ட மறந்து சல்யூட் வைத்துவிட்டார் என்று காதர் சொல்வார். காதர் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம்.

சாம்பார் ஒழுகிய நாளுக்கு முந்தைய வாரம் அக்கா முதல்முறையாக எங்களிடம் வந்தார். பிரேக் போட்டால் வண்டி மூக்கால் தரையைத் தொடப் போகிறது, பின்னாலிருக்கும் குழம்பு கேபினைப் பார்க்க ஓடி வருகிறது என்றார். முன் கமான் நன்றாக உட்கார்ந்திருந்தது. மாணிக்கண்ணன் தயங்கவே இல்லை. வளைவு ஏற்றி, ஒரு பட்டை சேர்த்து, பம்பரைப் பச்சைக் கோட்டில் நிறுத்தி, பெயர் எழுதி அனுப்பினார். அக்கா வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, புதுசு மாதிரி இருக்கிறதே என்று மகிழ்ந்து போனார். நாங்களும் மகிழ்ந்து போனோம்.

அடுத்த வாரச் சனிக்கிழமை ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனுக்கு அக்கா முதல்முறை சாப்பாடு கொண்டுபோனார். சோதனைச் சாப்பாடு. பிடித்திருந்தால் தினமும் அவரிடமே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதை நம்பிக் கூடச் சமைக்கும் பெண்கள், பார்த்துக்கொண்டிருந்த வீட்டு வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சின்னத் தூக்குகளுக்குப் பதிலாகப் பெரிய பெரிய அண்டாக்கள் வண்டியில் ஏறியதும் அன்றுதான். தூக்கி உள்ளே தள்ள ஆம்பளைகள் இல்லாததால் எல்லா அண்டாவும் பின்கதவை ஒட்டியே நின்றன. பின்பக்கம் பாரத்தில் இறங்கியது. முன்பக்கத்தை ஏற்கெனவே நாங்கள் தூக்கிவைத்திருந்தோம். தொழிற்சாலை வாசலில் ஏறுமேடு வேறு. வண்டி அந்த மேட்டில் ஏறியதும் சாம்பார் அண்டா மூடியைத் தள்ளிக்கொண்டு, பின்கதவைத் தாண்டி வெளியே வந்தது. அங்கே சஃபாரி சூட்டும் வெள்ளை ஷூவுமாகக் கேன்டீன் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

பசியில் நின்ற தொழிலாளிகள், இருந்த சாம்பாரில் தண்ணீர் விட்டுச் சாப்பிட்டார்களாம். ருசி நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னதால் மேனேஜர் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். திங்கட்கிழமை வா, அன்றும் கேட்டில் கொட்டினால் அண்டாவை இறக்கவே வேண்டாம், வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடு என்று சொல்லியிருக்கிறார். அங்கிருந்து அக்கா நேராக எங்களிடம் வந்தார். அப்படித்தான் அந்த முருங்கைக்காய் எங்களிடம் வந்து சேர்ந்தது.

3. கோட்டுக்கா சோறு?

மாணிக்கண்ணன் கோபப்படவில்லை. அண்டாக்களை இறக்கச் சொன்னார், வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தச் சொன்னார். குத்துக்காலிட்டார், ஒரு கண்ணை மூடினார். பம்பர் பச்சைக் கோட்டில் கனகச்சிதமாக நின்றது. பார்த்துக்கொள் என்பதுபோல அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டி கோட்டுல கரெக்டா கீதும்மா. நீ ஏத்துற ஏத்து சரியில்ல."

"அண்ணாச்சி, கோட்டுக்கா நான் சோறு போடுதேன்?"

ஜெயராஜ் சிரிப்பை அடக்க உலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. மாணிக்கண்ணன் தன் வேதத்தை மறுபடி ஓதினார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

"நாளைக்கு வண்டியக் கொண்டாருதேன். பாரத்த ஏத்திக்கிட்டு, அண்டா இருக்க எடத்துல நீங்களே உக்காருங்க. கையில விளிம்பு நெறைய ஒரு டீ வச்சுக்கிடுங்க. நான் ஓட்டுதேன். டீ சிந்தலன்னா தப்பு என் மேலதான்."

முடியாது என்று சொன்னால் கோட்டுக்கு அவமானம். மாணிக்கண்ணன் சரி என்று சொன்னார். அவர் குரலில் இருந்த தைரியம் முகத்தில் இல்லை. எனக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரு பக்கம் அந்தப் பெண்களை நினைத்துப் பயம், இன்னொரு பக்கம் நாளைக்கு நடக்கப்போவதை நினைத்து ஒரே குஷி.

4. யார் சாம்பார், யார் ரசம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தார். பாரம் வேண்டுமே. அண்டாக்களில் தண்ணீர் நிரப்பினால் முடிந்தது என்று நினைப்பீர்கள். அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து பல நாள் ஆகியிருந்தது. பட்டறையில் இருந்தது காய்ச்சிய இரும்பை முக்குகிற ஒரு டிரம் தண்ணீர்தான். அதைத் தன் அண்டாவில் ஊற்றினால் கொலை விழும் என்று அக்கா சொல்லிவிட்டார். மரவாடியில் கட்டை கேட்கலாம் என்றால் ஞாயிறு பூட்டு. கடைசியில் மாணிக்கண்ணனே வழி சொன்னார். ஆளுங்களை ஏற்று என்றார்.

அக்கா எங்களை வரிசையாக நிறுத்தி, மார்க்கெட்டில் பூசணிக்காய் பார்ப்பதுபோல ஒவ்வொருவராகப் பார்த்தார். எந்த அண்டா எவ்வளவு கனம் என்று அவருக்குத்தான் தெரியும். ஜெயராஜைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நீங்கதான் சாம்பார் என்றார். ஜெயராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. சோற்றுக்கு லேத்துப் பட்டறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டோம். ரசத்துக்கு டீக்கடை மாஸ்டர். மோருக்கு நான். கடைசியாகக் காதர் நின்றார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்து, கொஞ்சம் சங்கடப்பட்டு, அப்பளம் என்றார்.

"நான் இன்னா அப்பளமாக்கா? ரசமாவாவது போடு."

ரசம் நிறைந்துவிட்டது என்று சொல்லி ஏற்றிவிட்டோம். எல்லோரும் அவரவர் அண்டா நிற்கிற இடத்தில், பின்கதவை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். நடுவில் மாணிக்கண்ணன். துவைத்து நீலம் போட்ட புதுச் சட்டை. கையில் விளிம்பு வரை டீ. டீக்கடை மாஸ்டர் ரசமாக உட்கார்ந்த இடத்திலிருந்தே அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்திருந்தார். வண்டி நின்ற நிலையிலேயே டீ ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மாணிக்கண்ணன் கையை லேசாகச் சாய்த்து அதைச் சரிசெய்தார். அண்டாவுக்குக் கை கிடையாது என்று அக்கா கேபினிலிருந்தே சொன்னார்.

தெருவில் போகும்வரை ஒன்றும் ஆகவில்லை. மரவாடி வாசலில் தொழிற்சாலை கேட்டைப் போலவே ஒரு மேடு. அக்கா வண்டியைத் திருப்பி அந்த மேட்டில் ஏற்றினார். மூக்கு வானத்தைப் பார்த்தது. முதலில் சோறு சரிந்தது. சோறு ரசத்தின் மேல் விழுந்தது. ரசமும் மோரும் சேர்ந்து சாம்பாரின் மேல் விழுந்தோம். சாம்பார் மெதுவாக, தவிர்க்கவே முடியாமல், அப்பளத்தின் மேல் போய் நின்றது. அடியிலிருந்து நொறுங்கிட்டேன் என்று ஒரு குரல் கேட்டது. டீ முழுவதும் மாணிக்கண்ணன் மார்பில் இருந்தது. நடந்தது இன்னதென்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்குத் தெரிந்து அந்த மனிதர் சட்டையில் கறை பார்த்தது அன்றுதான்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா இறங்கி வந்து பின்பக்கம் பார்த்தார். சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை. நல்ல மனுஷி. மாணிக்கண்ணன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார், கையிலிருந்த காலி கிளாஸைப் பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நிமிஷம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"சேகரு, டேப்ப எடு. ஒருத்தனும் எறங்காதீங்கடா. சாம்பாரு அப்படியே இரு."

நான் மட்டும் மோர் பதவியை விட்டு இறங்கினேன். என் இடத்தில் தெருவில் போன ஒருவரைப் பிடித்து ஏற்றினார்கள். சமதளத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து, ஆள் பாரத்தோடு, சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நாலு மூலையும் அளந்தேன். காலியாக இருந்தபோது எடுத்த அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பின்பக்கம் அமுங்கியிருந்தது, முன்பக்கம் நிமிர்ந்திருந்தது.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும், கவனித்துக்கொள்ளுங்கள். கமானுக்கு வலு வேறு, உயரம் வேறு. பிரேக் போட்டால் மூக்கு குத்துவது வலு போதாததால். அதற்குக் கூடுதல் பட்டை வேண்டும். அதை நாங்கள் சரியாகத்தான் செய்திருந்தோம். ஆனால் கோட்டுக்கு ஆசைப்பட்டு உயரத்தையும் ஏற்றிவிட்டோம். கூடுதல் பட்டை அப்படியே இருக்கட்டும், வளைவை மட்டும் இறக்கு என்றார் மாணிக்கண்ணன். ஜெயராஜ் சாம்பார் வேலையிலிருந்து இறங்கிச் சம்மட்டி வேலைக்குப் போனார்.

அடித்து, ஆறவைத்து, மாட்டி, கமானை அச்சோடு இறுக்கும் யு போல்ட்டை முறுக்கி முடித்ததும் எல்லோரும் மறுபடி ஏற வேண்டும். அளந்தால் இன்னும் உயரம். எல்லோரும் இறங்க வேண்டும். மறுபடி கழற்றி, அடித்து, மாட்டி, ஏறி உட்கார வேண்டும். தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். விவரம் கேட்டுவிட்டுத் தாங்களும் சோறாக வருவதாகச் சொன்னார்கள். கொரட்டூருக்குப் பொண்ணு பார்க்கக் கிளம்பிய ஒருவர் பட்டுச்சட்டையோடு ஏறி உட்கார்ந்து, கூட்டு பொரியல் என்று பதவி வாங்கிக்கொண்டார். பொண்ணு பார்க்க எப்போது போனாரோ தெரியாது. நடுவில் காதர், அப்பளம் ஆக்கிய கோபத்திலும், வண்டியின் தளத்தில் குறுக்கே ஒரு இரும்பு ஆங்கிளை வெல்டு வைத்தார். அண்டாக்கள் பின்கதவுக்குச் சறுக்காமல் அதில் முட்டி நிற்கும். அதை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

வெயில் தாழ்ந்தபோது, முழுப் பாரத்தோடு வண்டி சமமாக நின்றது. மரவாடி மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். இந்தமுறை டீ கிளாஸைத் தளத்திலேயே வைத்தோம். விளிம்பு வரை வந்தது, யோசித்தது, திரும்பிப் போனது. பின்னால் இருந்த மொத்தச் சாப்பாடும் கை தட்டியது.

பிறகு எல்லோரும் இறங்கினார்கள். பாரம் போனதும் வண்டியின் பின்பக்கம் எழுந்தது, மூக்கு தாழ்ந்தது. சுவரெதிரே நிறுத்தினால் பம்பர் பச்சைக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. எந்தக் குனிவை நிமிர்த்திப் பேர் வாங்கினாரோ அதே குனிவு. மாணிக்கண்ணன் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு கந்தலில் தின்னரை ஊற்றி, மட்பிளாப்பில் தான் எழுதிய பெயரைத் தானே துடைத்தார். நாலு பேர் பார்க்கிற ரோட்டில் இப்படிக் குனிந்துகொண்டு தன் பெயரோடு போக வேண்டாம் என்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பேரு இல்லாட்டி என்ன அண்ணாச்சி, சாம்பார் இருந்தாப் போதும் என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பினார்.

5. கேட்டில்

திங்கட்கிழமை அண்டா பிடிக்க நானும் ஜெயராஜும் கூடப் போனோம். நிஜச் சாம்பாருக்குப் பக்கத்தில் உட்காரும்போது ஜெயராஜ் அதைக் கொஞ்சம் மரியாதையாகவே பார்த்தார். சமைத்த பெண்கள் கொரட்டூர் தெரு முனை வரை வண்டியின் பின்னாலேயே நடந்து வந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. கமான் தப்பினால் அந்த வீடுகளில் அடுப்பு எரிவது சந்தேகம்.

மாணிக்கண்ணன் வரவில்லை என்றுதான் சொல்லியிருந்தார். எஸ்டேட் ரோட்டில் திரும்பும்போது பார்க்கிறேன், கொஞ்ச தூரத்தில் ஒரு ஸ்கூட்டர். மேலே வெள்ளைச் சட்டை. நான் பார்த்ததும் கடை போர்டு படிப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேட்டில் மேனேஜர் நின்றார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் ஷூவைப் பார்த்தார், பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அக்கா முதல் கியரில் மேட்டில் ஏற்றினார். நான் அண்டா மூடியைத் திறந்துவைத்திருந்தேன். மூடி கிடந்தால் எங்கள் வேலைக்கு மரியாதை இல்லை என்று எனக்கு ஒரு வீம்பு. வண்டி சாய்ந்தது. சாம்பார் மெல்ல எழுந்து பின்விளிம்புக்கு வந்தது. ஒரு சின்ன வெங்காயம் விளிம்பில் ஏறி எட்டிப் பார்த்தது. முன்சக்கரம் சமதளத்தைத் தொட்டதும் வெங்காயம் உள்ளே போனது. ஒரு சொட்டு கீழே இல்லை.

மேனேஜர் வந்து தரையைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். அக்காவிடம் கேட்டார்:

"இன்னாம்மா பண்ணே?"

"வண்டிக்குச் சாப்பாடு ஏத்திப் பழக்குனேன் சார்."

அவருக்கு அது புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, அன்று இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

6. எருமை

மறுநாளே பட்டறையில் ஒரு மாற்றம். திருமழிசைப் பக்கமிருந்து ஒருவர் மூக்கு தூக்க வேண்டும் என்று பிக்கப் கொண்டுவந்தார். வழக்கமாக மாணிக்கண்ணன் ஜாக்கியை எடுத்துவரச் சொல்வார். அன்று ஸ்டூலைப் போட்டு அவரை உட்காரவைத்தார்.

"வண்டிய அப்பால பாக்கலாம் நைனா. இன்னா ஏத்துவே, அத்த சொல்லு மொதல்ல."

"எருமண்ணே. சந்தைக்கி."

எல்லோரும் மெதுவாக ஜெயராஜைப் பார்த்தோம். ஜெயராஜ் சம்மட்டியை ஓரமாகச் சாய்த்துவைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வயிறு சரியில்லை அண்ணாத்தே என்று சொல்லிவிட்டு டீக்கடையைப் பார்க்க நடந்தார். கடைசியில் எருமையையே ஓட்டிவரச் சொல்லி, அதை ஏற்றித்தான் அளவெடுத்தோம். அது சாணி போட்ட கதை இங்கே வேண்டாம்.

அதற்கப்புறம் எந்த வண்டி வந்தாலும் இந்தக் கேள்விதான் முதலில். பாரத்தோடு வா, இல்லாவிட்டால் பாரத்துக்குச் சமமாக ஆள் கூட்டிக்கொண்டு வா. நான் பின்னால் தனியாகப் பட்டறை போட்டபோதும் இதையே செய்தேன். உங்களுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். காலி வண்டி அழகாக நிற்பது படம் பிடிக்கத்தான் உதவும். எதைச் சுமக்க அந்த வண்டி பிறந்ததோ, அதைச் சுமந்துகொண்டு எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அளவெடுக்க வேண்டியது அப்போதுதான்.

அந்த வாரக் கடைசியில் கஸ்தூரி அக்கா வந்தார். கேன்டீன் அவருக்கே உறுதியாகிவிட்டது. சாப்பாடு இறக்கிவிட்டுத் திரும்புகிற வழி என்பதால் வண்டி காலி. மூக்கு தாழ்ந்தபடி வாசலில் திரும்பியது. மாணிக்கண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தெருவில் நாலு பேர் நின்ற நேரம். அவர் நெளிந்தார், முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். அக்கா நேராக அவருக்கு எதிரே கொண்டுவந்து பிரேக்கைப் போட்டார். ஏற்கெனவே தாழ்ந்திருந்த மூக்கு இன்னும் ஒருமுறை கீழே போய் மேலே வந்து நின்றது.

"பாத்தியளா அண்ணாச்சி. சோத்தச் சொமக்கும்போது நிமிந்து நிக்கி. ஒங்க முன்னாடி வந்தா மட்டும் கும்புடுது."

மாணிக்கண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்டூலை விட்டு எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, வண்டியைப் பார்த்துக் கையெடுத்துப் பதில் கும்பிடு போட்டார். பிறகு என்னிடம் பெயின்ட் டப்பாவை எடுத்துவரச் சொன்னார். மட்பிளாப்பின் பக்கத்தில் புழுதியில் மண்டி போட்டு உட்கார்ந்து, வேட்டி கறையாவதைக் கவனிக்காமல், தன் பெயரை மறுபடி எழுதினார்.